பெட்டிக்குள் போன நம்பர்

இது என் கடையில், என் கண்முன்னே நடந்தது. போன நவம்பர், ஒரு சனிக்கிழமை. ஏற்காடு பஜாரில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் நகல் இல்லாமல் எவர் பேச்சையும் நம்பாத ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பனி கடைக்குள் வரை வந்துவிட்டது. லூர்துசெல்வி அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் பெயரில் ஒரு லாரி ஓடுகிறது. மகன் ஜாபெஸ் சௌசௌ மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூரு கிளம்பியிருந்தான். நேஷனல் பர்மிட் முடிந்துபோனது யாருக்கும் நினைவில்லை. எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கே புதுப்பிக்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும், சரக்கு அழுகும். பையன் போனில் அழுதானாம்.

மத்திய அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைத் தட்டினேன். பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி அனுப்பவா என்று கேட்டது. அது அக்காவின் கணவர் சூசைமாணிக்கம் அண்ணனுடைய நம்பர். அண்ணன் மார்ச் மாதமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். நம்பரை மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"ஏனுங்கக்கா, அந்தப் போனு இப்ப எங்க இருக்குதுங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனுக்குப் போன் என்றால் உயிர். சோறு தின்னும்போதும் காதில்தான் இருக்கும். அதனால் சவப்பெட்டியை மூடும் நேரத்தில், ஜெபமாலையோடு அதையும் யாருக்கும் தெரியாமல் அவர் கையில் வைத்துவிட்டாராம். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை சேலம் ஆர்டிஓ ஆபீசுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றேன். அக்கா கேட்கவில்லை.

"சும்மா ஒருக்கா அமுக்குங்க தம்பி."

அவர் மனசு ஆறட்டும் என்று அமுக்கினேன்.

கரண்ட் போனது. செல்போன் டவரும் போனது. என் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரும் இன்டர்நெட் லைனும் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன.

6.22... என் போன் அடித்தது.

திரையில், 'சூசை அண்ணன் லாரி'.

அக்காவும் பார்த்துவிட்டார்.

எடுத்தேன். பேச்சில்லை. சர்ர்... சர்ர்... பலகையை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

பிறகு குரல். மூச்சு வாங்கியபடி.

"நாலு... ஒண்ணு... ஒம்போது..."

ஆறு எண்கள். அண்ணன் குரலேதான்.

என் விரல் தானாக அடித்தது. இணையதளம் ஏற்றுக்கொண்டது.

அதே கையோடு நம்பரையும் மாற்றிவிடலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"நம்பர மாத்தீராத கண்ணு..."

சர்ர்... சர்ர்...

"இங்க நொம்ப இருட்டு... கூப்புட்டா ஆரும் எடுக்க மாட்டேங்கறாங்க..."

அக்கா போனைப் பிடுங்கினார். அதற்குள் துண்டித்துவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தார். டவர் இல்லாத போன் எங்கே போகும்? அவரைத் தடுக்கவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

ஜாபெஸ் செவ்வாய்க்கிழமை திரும்பினான். அம்மா பெட்டியில் போனை வைத்த கதை அவனுக்கு அன்றுவரை தெரியாது. நான் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாவ அடக்கம் பண்ணிப்போட்டு ஊட்டுக்கு வந்தமுங்களா... பொழுது எறங்க, அப்பா நம்பர்ல இருந்து எனக்குப் போனு வந்துச்சுங்க. எடுத்தா வெறும் மூச்சுச் சத்தம். போனத் திருடுனவன் எவனோ வெளையாடறான்னு பிளாக் பண்ணிப்போட்டனுங்க. மறுநா காத்தால பிளாக் லிஸ்டுல பாத்தா, விடிய விடியக் கூப்புட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் வரவே இல்லீங்க..."

அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். நான் சொல்லவில்லை.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தார். அண்ணன் சாகும் முன் தன் நம்பருக்குப் போட்ட ஒரு வருஷ ரீசார்ஜ் முடியப்போகிறதாம். இன்னொரு வருஷத்துக்குப் போடச் சொன்னார்.

போட்டுக் கொடுத்தேன்.