வேப்பமரத்தடி நாதஸ்வரம்

நான் கையசைத்து நடத்தும் சிறிய மேற்கத்திய இசைக்குழு, எங்கள் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. அதன் இந்த வருடக் கச்சேரிகளில் ஒன்றை நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிப்பதாக முடிவு செய்தோம். மந்தாரக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். அங்கே நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து பூட்ஸோடு வந்த அவர் சட்டைப்பையில் நாதஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளிகள் இருந்தன. யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் கேட்பார்.

முதல் ஒத்திகையில் அவரை எங்கள் நடுவில் உட்கார வைத்தேன். அவர் ஊதியதும் எங்கள் பன்னிரண்டு பேரின் வயலினும் செல்லோவும் காணாமல் போயின. இந்தக் கச்சேரியே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"கதவ தொறந்து வைங்க சார். நான் வெளிய நின்னுகினு வாசிக்கிறேன்."

வாசல் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கிருந்து என் கையசைவு தெரியாது. எங்கேயாவது தடுமாறுவார் என்றே காத்திருந்தேன். தடுமாறவில்லை. வயலின்களுக்கு மேல் அளவாக வந்து உட்கார்ந்தது நாதஸ்வரம். கடைசி சுரத்தை எங்களோடு சேர்ந்து எடுத்து, எங்களோடு சேர்ந்தே நிறுத்தினார்.

"எங்களப் பாக்காமலே எப்படிங்க?" என்று கேட்டேன்.

"கடைசி சுரத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுக்கிறீங்களே சார், அது கேட்டுச்சு. நிலக்கரி போற கன்வேயர் பெல்ட் இரைச்சல்ல எந்த ரோலர் தேயுதுன்னு கேட்டுச் சொல்றதுதாங்க என் வேலை. இது எம்மாத்திரம்?"

அழைப்பிதழில் அவர் வாசிப்பதாக இருந்த ஒரு மாலைக் கச்சேரியை மூன்றாக்கினேன். நடுவில் நிற்கும் எனக்கு மட்டும் அந்த மூச்சு இன்னும் கேட்கவில்லை.