கைராசி

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. உழவர்கரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பரங்கிக்கொடியைச் சுற்றி அப்பா துளசியும் திருநீற்றுப்பச்சையும் தொட்டி தொட்டியாக வைத்திருந்தார். அவற்றில் தலைகாட்டும் பூக்கதிர்களைப் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒன்று விடாமல் நான் கிள்ளிப் போட வேண்டும்.

“எலை வாசனைக்குத்தான் பூச்சி ஓடும். பூ வுட்டா எலை கொறஞ்சிடும் பாப்பா” என்பார். மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டிய அப்பாவின் சொல் எனக்கு வேதவாக்கு. கிள்ளித் தள்ளினேன். இலைகள் புதராக மண்டின, வெள்ளைப்பூச்சி உண்மையிலேயே குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரங்கிதான் காய்க்கவில்லை. கோலிக்குண்டு அளவில் பிஞ்சு வரும், இரண்டே நாளில் மஞ்சளாகி உதிரும். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு எங்கள் மாடிக் காயைத்தான் காணிக்கை வைக்கப்போவதாக அப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மாமா வரும்போதெல்லாம், “இன்னா, மார்க்கெட்ல வாங்கியாரட்டா?” என்று கேட்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். மாமா போனதும் மாடிக்குப் போய்க் கொடியையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு மாமாவைக் கடித்து வைக்கலாம்போல இருக்கும்.

ஜூன் மாதம் எனக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் அறையைவிட்டு நகரவில்லை. அப்பா செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கிள்ளுகிற வேலையை எல்லோருமே மறந்துபோனார்கள்.

தலைக்கு ஊற்றிய அன்றே மாடிக்கு ஓடினேன். துளசியும் திருநீற்றுப்பச்சையும் கண்டபடி பூத்துக் கிடந்தன, அவற்றின்மேல் ஒரே தேனீக் கூட்டம். என் ராஜ்ஜியம் இப்படிக் கெட்டுப்போனதே என்று ஒரு கதிரில் கை வைத்தேன்.

“ஏ பாப்பா, தொடாத! பூவு இருக்கட்டும்!”

என் கையைப் பிடித்து இழுத்துப்போய், அப்பா பரங்கி இலையை விலக்கிக் காட்டினார். தேங்காய் அளவில் ஒரு காய். அதன் பின்னால் சிறிதாக இன்னும் இரண்டு. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டது வியர்வையால் என்று நினைத்தேன்.

திருநாளன்று அந்தப் பெரிய காயை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு காணிக்கை வரிசையில் நடந்தோம். கோயில் வாசலில் மாமா காயைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“எல்லாம் எம்பொண்ணு கைராசி” என்றார் அப்பா.

பூசை முடிந்ததும், தழும்பு மறையாத என் கையை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் விரித்து விரித்துக் காட்டினேன். மாமாவிடம் இரண்டு முறை. இந்தக் கை மூன்று வாரம் அண்டாமல் இருந்ததால்தான் தேனீ வந்து காய் பிடித்தது என்பது அப்பாவுக்கு மாடியிலேயே புரிந்துவிட்டது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.