பெயர் குறிப்பிடாத அழைப்புக் கடிதம்

காலை 7.20. டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். விரைவு வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். ஊருக்கு ஊர் நின்று போகும் வட்டார வண்டியில் ஒன்றே முக்கால் மணி. நான் ஏறியது வட்டார வண்டியில்தான். வார இறுதிச் சீட்டு ஒன்று முப்பத்து மூன்று யூரோ, அதில் ஐந்து பேர் போகலாம். வழியில் ஒரு சிற்றூரில் ஏறப்போகும் பதினொரு பேரில் நான்கு பேருக்கும் சேர்த்து அதை வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன். ஜெர்மனியில் ஆண்களின் உலகக் கோப்பை முடிந்த மறு ஆண்டு அது, மே மாதத்துச் சனிக்கிழமை. சுவர்களில் கிழியாமல் மிச்சமிருந்த பழைய கால்பந்துச் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் போனது ஆட்டம் ஆட இல்லை. டிரெஸ்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பீங்கான் பொருள்களை உடைத்துப் பார்த்து, ஏன் உடைந்தது என்று எழுதுவது என் வேலை. நாலு மாதத்துக்கு முன் ஆய்வுக்கூட அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. அந்தச் சிற்றூரின் பெண்கள் கால்பந்து அணிக்குத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று பயிற்சியாளர் பிர்கிட் எழுதியிருந்தார். அணியில் தர்சினி என்று ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண், பதினைந்து வயது. அவளுடைய அம்மா செல்வராணி, வாசித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பதுதான் சிக்கல். எனக்கு அந்த அம்மாவை நேரில் பார்க்காமலே பிடித்துப்போயிற்று. போய்ச் சேர்ந்துகொண்டேன்.

தாயும் மகளும் அந்த ஊரின் எல்லையில் இருந்த அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். அடைக்கல விண்ணப்பம் முடிவாகவில்லை. முடிவாகும்வரை அவர்கள் அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதித் தாள் வாங்க வேண்டும். எங்கே, எதற்கு, எத்தனை மணிவரை என்று அதில் எழுதியிருக்கும். செல்வராணி அக்கா ஒரு தடவை அனுமதி இல்லாமல் அண்ணன் மகளின் சடங்குக்குப் போய் ரயிலில் மாட்டி அபராதம் கட்டியவர். முதல் தடவைக்கு அபராதம், இரண்டாம் தடவை குற்ற வழக்கு. வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் விண்ணப்பத்தின் கதி என்னவாகும் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. அதனாலேயே அந்த விடுதியில் எல்லோருக்கும் அந்த எல்லை என்றால் பயம்.

இப்படி ஓர் ஊருக்குத்தான் அழைப்பு வந்தது. ஐரோப்பிய அளவிலான கால்பந்து அமைப்புகள் சில கைகோத்து, விளையாட்டில் ஆண் பெண் சமத்துவத்துக்கும் ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கும் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியிருந்தன. தொடக்க விழா லைப்சிக்கில். ஒன்பது ஊர்ப் பெண்கள் அணிகள் ஆடும். தங்கிப் படிக்கும் விடுதியோடு சேர்ந்த ஒரு பெண்கள் கால்பந்துப் பயிற்சிப் பள்ளி இரண்டே இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும். தர்சினிக்கு அந்த இரண்டில் ஒன்று கிடைக்கும் என்று பிர்கிட் அடித்துச் சொன்னார். கிடைத்தால் அவளுக்குப் படிப்பு, தனிக் கட்டில், ஒழுங்கான மைதானம். அவளுக்கு வேறு எந்த வழியும் திறந்திருக்கவில்லை.

அழைப்புக் கடிதம் வந்தது. அழகான கடிதம். "பங்கேற்கும் அனைத்துப் பெண்களுக்கும்" என்று தொடங்கியது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அலுவலகத்தில், கடிதத்தில் பெயர் எங்கே என்று கேட்டார்கள். தாய், மகள் இருவர் பெயரும் குறிப்பிட்டு அழைத்தால்தான் மனு எடுப்பார்களாம். நியாயம்தானே, ஒரு வரி எழுதி வாங்கினால் முடிந்தது என்று நான் தொலைபேசி எடுத்தேன். விழாக் குழுவின் பெண்மணி தேன் ஒழுகப் பேசினார். அவர்கள் திட்டத்தின் முதல் கொள்கையே யாரையும் பின்னணி வைத்துப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கடிதம் கொடுத்தால் அவளை அகதி என்று அடையாளம் காட்டியது போலாகிவிடும், அது அவளுக்கு அவமானம் என்றார். அனுமதித் தாள் விஷயத்தை நான் மூன்று முறை விளக்கினேன். இது சுதந்திர நாடு, உள்ளூர்ப் பயணத்துக்கு யார் அனுமதி கேட்கப் போகிறார்கள் என்று அவர் சிரித்தார். அவருடைய சொந்த நாட்டுச் சட்டம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது: "எல்லோரும் வாருங்கள், எல்லோரும் சமம்."

காலை 8.05. சிற்றூர் நிலையத்தில் வண்டி மூன்று நிமிடம் நிற்கும். நடைமேடையில் பிர்கிட், ஒன்பது பெண்கள், அவர்களுக்குச் சற்றுத் தள்ளி செல்வராணி அக்கா. மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார், கையில் ரோல்ஸ் என்னும் இலங்கைப் பொரித்த பலகாரம் நிறைந்த பெரிய பாத்திரம். பெற்றோர்கள் தங்கள் நாட்டு உடையில், தங்கள் நாட்டுப் பலகாரத்தோடு வர வேண்டும் என்று கேட்டதும் அதே விழாக் குழுதான். யாரையும் பிரித்துப் பார்க்காதவர்களுக்குச் சேலை மட்டும் வேண்டியிருந்தது. தேர்வானால் பெற்றோர் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லியிருந்ததால் அவர் வராமல் முடியாது.

நான் கீழே இறங்கினேன். பிர்கிட், ஏறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டே பெண்களை ஏற்றினார். செல்வராணி அக்கா என்னை மட்டும் பார்த்தார்.

"தங்கச்சி, வியாழக்கிழமையும் போய்க் கேட்டனான். பேர் இல்லாத கடிதம் ஏலாதாம். இவள் ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லை. போகவோ, நிக்கவோ? நீங்களே சொல்லுங்கோ."

அந்தக் கேள்வியை அவர் பிர்கிட்டிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார், தமிழில் கேட்டார். எனக்கோ அந்த அலுவலகத்தின் மீதும், தேன் ஒழுகப் பேசியவர் மீதும் ஒரு வாரக் கோபம் தலைக்கேறியிருந்தது. இரண்டு பேரையும் தோற்கடிக்க வேண்டும் போலிருந்தது.

"ஏறுங்க அக்கா. சனிக்கிழமை காலைல யாரும் செக் பண்ண மாட்டாங்க. அப்படியே கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

ஏறினார்கள்.

ரீசாவில் வண்டி நின்றபோது பச்சைச் சீருடையில் நான்கு காவலர்கள் ஏறினார்கள். செல்வராணி அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். தர்சினி என் காதருகே வந்து கேட்டாள்:

"அக்கா, பிடிச்சால் என்னைச் சின்னப்பிள்ளை எண்டு விட்டிடுவினம். அம்மாவைத்தான் பிடிப்பினம், என்ன?"

வாயை மூடு என்று கடிந்துகொண்டேன். ஆனால் காவலர்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த பெட்டியில் ஏதோ ஆண்கள் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர்கள் காலையிலேயே குடித்துவிட்டுக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடிகாரர்கள் புண்ணியத்தில் நாங்கள் தப்பினோம். வூர்ட்சன் தாண்டியதும் அக்கா எனக்கு ஒரு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். நான் வெற்றி வீரனைப் போல் அதைச் சாப்பிட்டேன்.

லைப்சிக் நிலையம் பெரிது. அதன் கூரைக்குக் கீழே எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவையே நடத்திவிடலாம். ஒரு காப்பி இரண்டு யூரோ நாற்பது. அங்கிருந்து டிராமில் பதினெட்டு நிமிடத்தில் மைதானம்.

10.15. வாசலில் ஆளுயரப் பதாகை: "எல்லோருக்கும் ஒரே மைதானம்." உள்ளே மைதானங்கள் இரண்டு இருந்தன. பார்வையாளர் மாடமும் நிழலும் உள்ள பெரிய மைதானம், மாலை நடக்கவிருந்த முன்னாள் ஆண் வீரர்களின் காட்சி ஆட்டத்துக்காகக் கயிறு கட்டிக் காக்கப்பட்டது. பெண்களுக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சித் திடல். புல் கெட்டுவிடுமாம். சமத்துவம் பற்றிய மேடைப் பேச்சில் ஐந்து ஆண்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு பெண் அவர்களுக்கு ஒலிவாங்கியை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கன்னியாகுமரிக் கடற்கரையில் கால்பந்து என்றால் உயிரை விடும் ஊரில் பிறந்தவள் நான். அங்கே பெண்கள் ஆட முடியாது. ஆனால் அங்கே அதைப் பதாகை கட்டிச் சமத்துவம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் என் ஊர் நேர்மையானது.

ஆட்டங்கள் பத்துப் பத்து நிமிடமாக நடந்தன. தர்சினி நடுவில் ஆடினாள். விடுதி முற்றத்தில் கார்களுக்கு நடுவே பழகியவள் ஆதலால் நெருக்கடியில் அவளிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாது. மூன்றாவது ஆட்டத்தில், தன்னைவிட ஒரு முழம் உயரமான இரண்டு பெண்களுக்கு இடையே பந்தைத் தட்டி, தானும் புகுந்து வெளியே வந்து கோல் போட்டாள். செல்வராணி அக்கா கத்தவில்லை, கை தட்டவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

மதியம் 2.30. பெயர்களை அறிவித்தார்கள். இரண்டாவது பெயர் தர்சினி. மேடையில் அக்கா கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் ஒவ்வொரு வரியையும் என்னை வாசித்துச் சொல்லவைத்தார். தேன் ஒழுகப் பேசிய பெண்மணி ஓடி வந்து தாயையும் மகளையும் சேர்த்து அணைத்தார். சேலை அற்புதம் என்றார். உள்ளூர் நாளிதழின் புகைப்படக்காரர் எட்டுப் பத்துப் படம் எடுத்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து பெயரும் ஊரும் கேட்டார். அக்காவுக்கு அவர் பேசியது புரியவில்லை. தர்சினி மேடையில் தனக்குக் கொடுத்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். நீளமான பெயர்கள் அல்லவா, பிழையாக அச்சாகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டதற்கு அதையும் சொன்னேன். விடுதியின் பெயரைக்கூடச் சொன்னேன். இப்படிப்பட்ட இடத்திலிருந்து இப்படி ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று ஊர் அறியட்டுமே என்ற பெருமிதம் எனக்கு.

மாலை வண்டியில் யாரும் எங்களைச் சோதிக்கவில்லை. தர்சினி அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

மூன்று வாரம் கழித்துச் செல்வராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார், ஒரு கடிதம் வந்திருக்கிறது, வந்து வாசிக்க ஏலுமோ என்று. அதே 7.20 வண்டியில் போனேன். இந்த முறை தனிச் சீட்டு. விடுதி அறையில் மேசைமேல் கடிதம் திறந்து கிடந்தது. அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டியது இது இரண்டாம் தடவை என்பதால் தாய்மீது குற்ற நடவடிக்கை தொடங்கப்படுகிறது. அது முடியும்வரை மகள் வேறு மாவட்டத்துப் பள்ளி விடுதிக்கு இடம் மாறுவதற்கு ஒப்புதல் தர இயலாது. ஆதாரமாகப் பின்னால் ஒரு தாள் நறுக்கு பிணைத்திருந்தார்கள். நாளிதழின் வண்ணப் படம். மாம்பழ நிறச் சேலையில் அக்கா, பக்கத்தில் கோப்பையோடு தர்சினி, இருவரையும் அணைத்தபடி விழாக் குழுப் பெண்மணி. படத்துக்குக் கீழே இருவரின் முழுப் பெயரும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அச்சாகியிருந்தது.

நான் வரிவரியாக வாசித்துச் சொன்னேன். தர்சினி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விழாக் குழுவுக்கு அங்கிருந்தே தொலைபேசி போட்டேன். அந்தப் பெண்மணி நிஜமாகவே அதிர்ந்துபோனார், அழுதும்விட்டார். ஒரு கடிதம் தாருங்கள், நாங்கள்தான் பெயர் எழுத மறுத்தோம் என்று எழுதுங்கள் என்றேன். தனி நபர் வழக்குகளில் அமைப்பு தலையிடுவது வழக்கமில்லை, மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பிறகு அவர் அழைக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது நான்தான். அக்காவிடம் சொன்னேன், நிற்கவா போகவா என்று நீங்கள் கேட்டதற்கு ஏறச் சொன்னது நான், பெயரைக் கொடுத்ததும் நான், இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்குக் கொடுக்கிறேன் என்று. சொல்லும்போது என் குரல் சின்னதாகிப்போனது எனக்கே கேட்டது. அக்கா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

"வேண்டாம் தங்கச்சி. நீங்கள் எழுதினால் உங்கட விசாவையும் நோண்டுவினம். நாங்கள் எப்படியும் மாட்டுப்பட்டாச்சு. நீங்களாவது நல்லா இருங்கோ."

திரும்பும் வண்டி 4.10-க்கு. வழியெல்லாம் கடுகுப் பூ மஞ்சளாக இருந்த வயல்கள் இப்போது பச்சையாகிவிட்டிருந்தன. டிரெஸ்டன்வரை யார் யாரையோ திட்டிக்கொண்டே வந்தேன், அலுவலகத்தை, அமைப்பை, தொலைபேசியில் கேட்ட அந்தச் சிரிப்பை. அக்டோபரில் என் விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தது. அக்கா வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. "சரிக்கா" என்றேன். ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை.