ஏரிக்கரைக்கு வந்துவிட்ட டோக்கன்

கோலார் தங்க வயலுக்குக் குடிநீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் வந்தது. எங்களுக்கு அது விடுமுறை நாளில் குளிக்கும் இடமும்கூட. அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, மாமாவுடன் போயிருந்தேன். நந்திதுர்க் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்த மாமா, தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் பம்பு வீட்டுச் சுவரில் பதித்திருந்த, அதைக் கட்டிய ஆண்டை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் சட்டையை மடித்த அக்கா, பையிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்தாள்.

"இன்னாங்க இது? குடுக்காமலே வந்துட்டீங்களா?"

சுரங்கத்தில் இறங்குகிறவர் எடுத்துச் சென்று, மேலே வந்ததும் திருப்பித் தரவேண்டிய டோக்கன் அது. சுரங்க வாசல் பலகையில் அதை மாட்டும் ஆணி காலியாக இருந்தால், ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். தேடுவதற்கு நாலு பேர் இறங்குவார்கள். அந்த வாரம்தான் அவர் வேலை செய்த லெவலில், அந்த ஆழத்துச் சுரங்கப்பாதையில், பாறை வெடித்துச் சரிந்திருந்தது.

மாமா ஈரத்தோடு பம்பு வீட்டுக்குள் ஓடினார். அங்கிருந்த ஆபரேட்டர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். மாமா டோக்கன் நம்பரையும் விஷயத்தையும் சொன்னதும், ஒரு கேள்வியும் கேட்காமல் சுரங்கத்துக்கு போன் போட்டார்.

"ஆளு இங்க ஏரியில நீச்சல் அடிக்கிறாரு சார். யாரையும் எறக்காதீங்க."

பிறகு மாமாவிடம் ரிசீவரை நீட்டினார். "உங்க மேஸ்திரி. காதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோங்க."

மாமாவைத் தேட விளக்கு மாட்டிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நின்ற நால்வரும் இறங்கவில்லை. அதற்காக அந்த ஆபரேட்டருக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். அக்கா அவருக்கு இலையில் சோறு வைத்தாள். மாமா சாப்பிடவில்லை, டோக்கனைக் கொடுக்கச் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.