ஐந்தாம் வார்த்தை நிலுவையில்

ஓய்வு பெறுகிறவனுக்கு அலுவலகம் ஒரு மதிய உணவும் ஒரு சுவர்க் கடிகாரமும் தரும். இனிமேல் நேரம் பார்க்கத் தேவையே இல்லாதவனுக்குக் கடிகாரம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்த குழுவில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். ஆகவே குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. நில அலுவலகத்தில் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவழித்தவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், அதை யார் போய் எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வுக்குப் பிறகு, ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் வீட்டில் தூங்குவதற்கு நான் மட்டும்தான் இருந்தேன், எழுப்பத்தான் ஆளில்லை.

சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறை அலமாரியைச் சீரமைத்தேன். மிளகாய்த் தூளுக்கும் மல்லித் தூளுக்கும் வரிசை எண் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் மனைவி பாஸ்டரைப் படிக்கட்டில் மடக்கிப் பிடித்தாள்.

"பாஸ்டர், இவருக்கு ஏதாச்சும் வேல குடுங்க. வீட்ல இருந்தா என்னையும் ஃபைல் பண்ணி அடுக்கிருவாரு."

அதுவரை நான் சபைக்குக் கிறிஸ்துமஸ் தோறும் போகிறவன். பிறந்தபோதே ஞானஸ்நானம் வாங்கியாயிற்று. வாங்கிய உரிமத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்பது என் கொள்கை. அந்த ஞாயிறு பாஸ்டர், ஒவ்வொரு மனிதனையும் தேவன் ஒரு நோக்கத்தோடு படைத்திருக்கிறார் என்று பிரசங்கித்திருந்தார். என் விஷயத்தில் அந்த நோக்கம், மிளகாய்த் தூளை விட்டு நான் தள்ளி நிற்பது.

இப்படித்தான் சபைக் குழுவின் செயலாளரானேன். எங்கள் சபை ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் இருக்கிறது. கீழே பிளக் மாற்றுவார்கள், மேலே நாங்கள் மனம் மாறுவோம். கீழே வேலை சீக்கிரம் முடிந்துவிடும். என் பொறுப்புகளில் எனக்குப் பிடித்தது பெரிய வெள்ளியன்று மணி அடிப்பது. ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை அன்று ஏழு பேர் பேசுவார்கள். நண்பகலில் தொடங்கி மூன்று மணிக்கு முடித்துவிட்டு, உபவாசம் கலைத்துக் கஞ்சி குடிக்க வேண்டும். ஒருவருக்குக் கால் மணி நேரம், நடுநடுவே பாட்டும் ஜெபமும். நேரம் முடிந்தால் நான் மேசை மணியை ஒருமுறை அழுத்துவேன். ஆட்சியருக்குக்கூட அறிக்கை வைத்த மனிதன், இந்தச் சின்னப் பித்தளை மணிக்காக ஒரு வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவதற்கில்லை.

இந்த வருடம் ஐந்தாம் வார்த்தையைத் தான் பேசக் கேட்டு ஒருவர் வந்தார். ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா, அதாவது காவலாளி, வேலை பார்ப்பவர். ஒரு காலத்தில் அவர் குடித்ததை மாசாய் முழுக்க அறியும். சில வீட்டுப் பூச்சட்டிகளும் அறியும். போன பெரிய வெள்ளிக்குக் கஞ்சி குடிக்க வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். குழுவில் அவர் பெயரை வைத்தேன். ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது.

"தாகத்தப் பத்தி அவரா?" என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்கள் குழுவின் மூத்தவர் அவர். "அனுபவம் நெறைய இருக்கு லா."

எல்லாரும் சிரித்தார்கள். முன்னாள் குடிகாரர் பேசக்கூடாது என்று சபை விதியில் எங்குமில்லை என்றேன். நீளமாகப் பேசுகிறவர்களைப் பற்றித்தான் ஒரு விதி தேவைப்படுகிறது என்றும் சொன்னேன். தலைமையாசிரியர் அதைப் பொதுவான கருத்து என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். நான்காம் வார்த்தையை எல்லா வருடமும் பேசுகிறவர் அவர்தான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஜாகா என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சார், என் டைம் எப்ப வரும்?"

"ஒன்னே முக்காலுக்கு மேல போகாது. ஏன்?"

"இப்பல்லாம் வெள்ளிக்கெழம மறுபடி வேல நாள் ஆயிருச்சில்ல சார். லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. இன்னொரு ஜாகா ரெண்டர வரைக்கும் எனக்காக நிக்கிறேன்னான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கேட்ட தொறந்து போட்டுட்டுப் போயிருவேன்னு சொல்றான். செய்யக்கூடிய ஆளு அவன்."

பல வருடம் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. அப்போது பெரிய வெள்ளி எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. ஞாயிறு ஆராதனைக்குத்தான் விடுப்பு எழுத வேண்டியிருந்தது. இப்போது ஞாயிறு திரும்பிவிட்டது, வெள்ளி போய்விட்டது. தேவன் ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் யார் எடுக்கிறார்கள் என்பதற்குச் சுற்றறிக்கை உண்டு.

"பேசறத ஞாயித்துக்கெழம பேசுங்களேன்" என்றேன்.

"என் சம்சாரமும் மகளும் அன்னிக்கு மட்டுந்தான் வருவாங்க சார். லாயாங் லாயாங்ல மச்சான் வீட்ல இருக்காங்க. நான் போனா மச்சான் கேட்டையே தொறக்கறதில்ல. போன் பண்ணா சம்சாரம் கட் பண்ணிருவா. பாஸ்டரம்மா பேசிப் பாத்ததுல, சபைல எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும், ஒரே ஒரு தடவ வந்து கேக்கறேன்னு சொல்லியிருக்கா. அவங்க ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்திருக்கறப்ப ஒன்னு சொல்லணும் சார். அது தப்புச்சுன்னா அப்பறம் இல்ல."

அரசாங்க ஊழியன் வாக்குக் கொடுப்பதில்லை. நடவடிக்கையில் உள்ளது என்போம், பரிசீலனையில் உள்ளது என்போம். அன்று என்ன வந்ததோ, "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று அவர் கடைசி வரிசையில், படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சீருடைக்கு மேல் ஜாக்கெட், மடியில் தலைக்கவசம். அவர் மனைவி பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில். கைப்பையை மடியில் பிடித்தபடி, முதுகை நாற்காலியில் சாய்க்காமல், பேருந்துக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். பக்கத்தில் பதினாலு பதினைந்து வயதில் மகள். தகப்பன் இருக்கும் திசையில் அவள் திரும்பவே இல்லை.

முதல் மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நேரத்தைக் கூடுதலாகத் தின்றார்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். பிறகு தலைமையாசிரியர் எழுந்தார்.

நான்காம் வார்த்தை கைவிடப்பட்டதைப் பற்றியது. தேவகுமாரன் கைவிடப்பட்டதில் தொடங்கியவர், சிகாமட் பள்ளி ஒன்றில் தான் கைவிடப்பட்டதற்கு வந்து சேர்ந்தார். ஆற்று வெள்ளம் பள்ளிக்குள் வந்ததாம். மேசை மேல் மேசை அடுக்கி, அதன் மேல் இவரும் பள்ளிப் பதிவேடுகளும். படகு எந்தத் திசையிலிருந்து வரவில்லை என்பதைக் கையால் காட்டினார். எல்லாத் திசையிலிருந்தும் வரவில்லை.

மணியை அழுத்தினேன். அவர் புன்னகைத்தார்.

"இந்த மணியோசை நமக்கு எதை நினைப்பூட்டுகிறது, பிரியமானவர்களே?"

அதற்குத் தனியே ஒரு விளக்கம் போயிற்று. மறுபடி அழுத்தினேன். சபையார், "ஸ்தோத்திரம்" என்றார்கள். அடுத்ததாக, கீபோர்டு வாசிக்கும் பெண்ணுக்குச் சைகை காட்டினேன். எங்கள் சபைகளில் கீபோர்டு மெல்ல எழும்பினால் பேசுகிறவர் ஜெபத்துக்கு வந்து முடிக்க வேண்டும் என்று பொருள். எல்லாப் பாஸ்டர்களுக்கும் இது தெரியும். தலைமையாசிரியரோ தனக்குப் பின்னணி இசை கிடைத்ததாக எடுத்துக்கொண்டார். வெள்ளத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். தண்ணீர் மீண்டும் முழங்கால் வரை வந்தது.

இரண்டேகால் ஆயிற்று. ஜாகா கைப்பேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்த சத்தத்தில் அவர் மனைவி திரும்பினாள். அவர் படிக்கட்டை நோக்கி நடப்பதைக் கண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே லாயாங் லாயாங்கிலிருந்து வந்தவளின் முகம்.

கூட்டங்களை முடித்து வைக்க எனக்குத் தெரிந்த வழிகள் பல உண்டு. கோரம் இல்லை எனலாம், ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டு வரலாம். சபையில் இவை செல்லாது. சபையில் எல்லாத் தீர்மானத்துக்கும் மேலான தீர்மானம் ஒன்றுதான். நான் எழுந்து நின்றேன்.

"ஜெபிப்போம்" என்றேன்.

நாற்காலிகள் ஒருமிக்கக் கிரீச்சிட்டன. எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். தலைமையாசிரியர் ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். நாற்பது வருடப் பழக்கம் அவரை விடவில்லை. எங்கள் சபையில் ஜெபம் நடக்கும்போது ஒருவரும் நடமாடுவதில்லை. குழந்தையைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போகிறவள்கூட அந்த இடத்திலேயே நிற்பாள். ஜாகா முதல் படியில் ஒரு காலோடு, தலை குனிந்து நின்றார்.

அதன் பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. ஜெபிப்போம் என்று சொன்னவன் ஜெபிக்க வேண்டும். சபை முன்னால் நான் ஒருபோதும் ஜெபித்ததில்லை. வீட்டில் சாப்பாட்டு ஜெபம்கூட மனைவியின் இலாகா. கண்ணை மூடினேன், தெரிந்த மொழி ஒன்றுதான் வந்தது.

"ஆண்டவரே, நான்காம் வார்த்தை நிறைவாகப் பெறப்பட்டது. அதற்கு நன்றி. ஐந்தாம் வார்த்தை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதைப் பேச வேண்டியவர் படிக்கட்டில் நிற்கிறார். அவர் வேலைக்குப் போக வேண்டும். ஆவன செய்தருளும். ஆமென்."

எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் தலைமையாசிரியர். சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதற்குள் சபை முழுவதும் பின்பக்கம் திரும்பிவிட்டது.

ஜாகா மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே பேசினார்.

"தாகத்தப் பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்கு வேதமெல்லாம் அவ்வளவா தெரியாது. ஆண்டவருக்குத் தாகம் வந்துச்சு, வாயத் தொறந்து கேட்டாரு. நான் யாரையும் கேக்கல. எடுத்துக்கிட்டேன். என் மக காதுல கெடந்த தோட்ட எடுத்தேன். தூங்கிக்கிட்டு இருக்குன்னு நெனச்சுத்தான் கழட்டுனேன். அது முழிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தோட்டக் கழட்ட வசதியா அதுவா தலையத் திருப்பிக் குடுத்துச்சு. காலைல அவங்கம்மா கேட்டப்ப, பள்ளிக்கூடத்துல தொலச்சிட்டேன்னு சொல்லி அடி வாங்குச்சு. நான் பாத்துக்கிட்டே கோப்பி குடிச்சேன். அது தொலைக்கல. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. நேரமாச்சு, வரேன்."

இரண்டு நிமிடம்கூட இருக்காது. படியில் அவர் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கீழே அவர் மோட்டார் சைக்கிள் கிளம்பியது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எங்கள் சபையில் அது அபூர்வம்.

ஆறும் ஏழும் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் மனைவி முன்னால் பார்த்தபடியே இருந்தாள். ஒருமுறை மட்டும் மகளிடம் குனிந்து, "ஏன்டி சொல்லல?" என்றாள். அந்தப் பெண், "அப்பறம் அவர அடிச்சிருப்பீங்க" என்றது. பக்கத்து வரிசையில் என் மனைவி இருந்ததால் இது எனக்குத் தெரியும்.

கஞ்சி ஊற்றும் இடத்தில் தலைமையாசிரியர் என்னைத் தேடி வந்தார்.

"ஆண்டவர்கிட்ட நிலுவை, கிலுவைன்னு பேசக்கூடாது சார். அது ஆபீஸ் பாஷை."

"அவரும் ரொம்ப காலமா ஆபீஸ்லதான் இருக்காரு" என்றேன். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எழுப்பப் போவதாகச் சொன்னார். எழுப்பட்டும். ஏழு நாள் முன்னறிவிப்புத் தேவை. அதைச் செயலாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கூட்டம் கலைந்து, நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜாகாவின் மகள் வந்தாள்.

"அங்கிள், அவரு வேல எத்தன மணிக்கு முடியும்?"

"ராத்திரி ஏழு."

"அதுவரைக்கும் நாங்க இங்க உக்காந்திருக்கலாமா?" என்றாள். பிறகு, அவசரமாக, "மன்னிச்சிட்டேன்னு நெனக்காதீங்க. இன்னும் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. அது சபைல கேக்க முடியாது" என்றாள்.

ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்பது விதி. எழுதியவன் நான். அடுக்கியதிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கார் ஹாரன் அடித்தது. ஜாகா மனைவியின் அண்ணன், கூட்டிப் போக வந்திருந்தார். அவள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ போண்ணே. நாங்க ராத்திரி பஸ்ல வந்துக்கறோம்."

ராத்திரி ஏழுக்கு மேல் மாசாயிலிருந்து லாயாங் லாயாங்குக்குப் பஸ் கிடையாது. இந்த மாநிலத்துப் பஸ் நேரங்கள் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நான் மின்விசிறியைப் போட்டேன்.