அறைக்குள் வைத்திருந்த கம்பி

எனக்கு வாய் அதிகம். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமல்ல. அதனால் எங்கள் மூவருக்கும் இடையில் இருந்த அந்த விதி மற்ற இருவரையும்விட என்னைத்தான் அதிகம் வதைத்தது.

மூவர் என்றால், சுனாமி சிதறடித்த குடும்பங்களைச் சேர்த்து ஒன்றாக வாழ வைக்கலாம் என்று புறப்பட்ட மூன்று பைத்தியங்கள். கல்லடியில் ஒரு பறங்கித் தச்சர் எட்டுக் குடும்பங்களை ஒரே வளவுக்குள் வைத்திருந்தார். மண்டூர்ப் பக்கம் ஒரு விவசாயி, காணியில்லாதவர்களோடு சேர்ந்து ஒரு வயல் வட்டையைப் பொதுவாக விதைத்துக்கொண்டிருந்தார். நான், கடலுக்குப் பயந்து வாவிக்கு மேற்கே வந்த பதினொரு குடும்பங்களோடு வவுணதீவில் இருந்தேன். ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே தோட்டம். இப்படி ஒரு வாழ்க்கையை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர யாரும் இல்லாததால் ஒருவரிடம் ஒருவர் படித்தோம்.

மாதம் ஒருமுறை, முழுநிலா விடுமுறையான போயா நாளில், ஒருவருடைய இடத்தில் கூடுவோம். போகிறவர்கள் விருந்தாளியாகக் கதிரையில் உட்காருவதில்லை. காலையிலிருந்து அங்குள்ளவர்களோடு வேலை செய்ய வேண்டும். பின்னேரத் தேத்தண்ணி வந்ததும், அந்த இடத்தில் கண்ட பிழைகளை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பதில் சொல்லக்கூடாது. அடுத்த போயா வரைக்கும் மூச்சு விடக்கூடாது. கல்லடிக்காரர் வைத்த விதி அது. உடனே பதில் சொல்கிறவன் கேட்கவேயில்லை என்பார்.

மற்றவர் பிழையைச் சொல்லும்போது எனக்கு அந்த விதி இனித்தது. "பொதுச் சமையல் எண்டு சொல்லுறீங்க, ஒங்கட பொண்சாதி மட்டும் கடைசியா நிண்டு அடிச்சட்டி வழிக்கிறா" என்று மண்டூர்க்காரரிடம் நான்தான் சொன்னேன். மனிதர் முகம் கறுத்துப் போனது. ஆனாலும் பேசவில்லை. அடுத்த முறை போனபோது அவர் மனைவி முதல் பந்தியில் இருந்தார். அன்று நான் பெருமைப்பட்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு என் முறை வந்தது. கல்லடிக்காரர் எங்கள் அடுக்களையில் பகல் முழுக்கத் தேங்காய் துருவினார். எங்கள் சமையலுக்குப் பொறுப்பாக இருந்தவள் அதிர்ந்து பேசத் தெரியாத ஒருத்தி. அலையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. எல்லோரையும்போல என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பின்னேரம் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்தப் பிள்ள புளி காணுமா எண்டு பார்க்கிறதுக்கும் அக்காட்டக் கேக்கணும் எண்டுது. பாய் காயப் போடுறதுக்கும் அக்காட்டக் கேக்கணும். மணி அடிக்கிற கம்பிய ஏன் ஒங்கட அறைக்குள்ள வச்சிரிக்கிறீங்க?"

முற்றத்து மாமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் எங்கள் மணி. அலை வந்த அன்று ஆளுக்கொரு திசையில் ஓடியதால்தான் இத்தனை பேரை இழந்தோம் என்று எங்கள் சனம் நம்பியது. ஆகவே இனி ஆபத்து வந்தால் மணி அடிக்க வேண்டும், எல்லோரும் மரத்தடியில் கூட வேண்டும், தலை எண்ணி ஒன்றாகப் போக வேண்டும், ஒருவரும் தனியே ஓடக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தோம். பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்துச் சனத்தைக் கலங்க வைத்ததால் கம்பியை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. விதி விடவில்லை.

"நீங்க இல்லாத நாள்ல இதுகள் என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த மாதம் முழுக்க நான் வெந்தேன். யாருக்காக வேலையை விட்டேன், யாருக்காக இந்த வெயிலில் கிடக்கிறேன் என்று மனசுக்குள்ளேயே அவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில் ஒரு கொப்பியில் நாலு பக்கம் பதில் எழுதினேன். அதே மாதத்தில் மேற்கே இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பீரங்கிச் செல் சத்தம் தூரத்தில் கேட்பதும் நிற்பதுமாக இருந்தது. போவதா இருப்பதா என்று எங்கள் சனம் என் முகத்தைப் பார்த்தது. பார்ப்போம், பொறுப்போம் என்றேன். போயா அன்று காலை அறையைப் பூட்டிவிட்டுக் கொப்பியோடு கல்லடிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பதில் சொல்லும் ஆசை என்னை விடவில்லை.

மண்டூர்க்காரர் வரவில்லை. அவருடைய இடமும் வாவிக்கு மேற்கேதான். அதை வைத்தே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். காலை வேலை முடிவதற்கு முன்பே நான் கொப்பியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பக்கம் வாசிக்கும்போது மேற்கிலிருந்து வந்த சத்தத்தில் கல்லடிக்காரர் வீட்டுக் கூரைத் தகரம் அதிர்ந்தது. செல்கள் அடுத்தடுத்து விழுந்தன. தூரத்துச் சத்தமல்ல. எங்களுக்கென்று இருந்த ஒரே கைத்தொலைபேசி என் கைப்பைக்குள் இருந்தது.

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வலையிறவுப் பாலத்தடியில் இராணுவம் மறித்துவிட்டது. அந்தப் பக்கம் போக முடியாது, வருகிறவர்களை மட்டும் சோதித்து விடுவோம் என்றார்கள். நான் கெஞ்சினேன், கத்தினேன். பிறகு வெயிலில் நின்றேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடுங்கள், ஓடுங்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் மணி அடிக்காமல் ஓடாதீர்கள் என்று சொல்லிக் கம்பியைப் பூட்டி வைத்தவளும் நான்தானே.

மத்தியானத்துக்குப் பிறகு சனம் பாலத்தால் வரத் தொடங்கியது. மூட்டைகளோடு, ஆடுகளோடு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு. எங்கள் முகம் ஒன்றுமில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவரை மறித்து எங்கள் இடத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"மாமரத்தடியில இருந்த சனமா? நாங்க கூப்பிட்டம், வரல்ல. ஆரோ ஒரு அக்கா வரணுமாம், அவ வந்துதான் போறதாம். அப்பிடியே குந்திக்கொண்டு இரிந்துதுகள்."

அந்த அக்கா நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். நாலு பக்கம் எழுதிய கொப்பி மடியில் கிடந்தது. கல்லடிக்காரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவர் ஒரு சொல் குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் சமையல்காரி. கையில் அந்தக் கம்பி. பின்னால் மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி. நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். இரண்டு தரம் எண்ணினேன். ஒரு தலையும் குறையவில்லை.

என்ன நடந்தது என்று மற்றவர்கள்தான் மாறி மாறிச் சொன்னார்கள். முதல் செல் விழுந்ததும் தாங்களாகவே மரத்தடிக்கு வந்திருக்கிறார்கள். மணி அடிக்காமல் போகக்கூடாது என்று காத்திருந்திருக்கிறார்கள். கிணற்றடியில் ஒன்று விழுந்த பிறகுதான் சமையல்காரி எழும்பி, என் அறைக் கதவை மண்வெட்டியால் உடைத்துக் கம்பியை எடுத்து அடித்திருக்கிறாள். "இனி ஒருத்தரும் இரிக்கப்படாது, நடங்க" என்றாளாம். அவள் குரல் உயர்ந்ததை அன்றுதான் எல்லோரும் முதன்முதலாகக் கேட்டார்களாம்.

நான் அவள் முன்னால் போய் நின்றேன். உடம்பெல்லாம் புழுதி, முழங்கையில் இரத்தம் காய்ந்திருந்தது. இத்தனை பேரையும் சாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"கோவமாக்கா? ஒங்களக் கேக்காம அடிச்சுப்போட்டன்."