மூலையில் இருக்கும் பேட்டரி

போன செவ்வாய்க்கிழமை காவிரிப் பாலத்தின் நடுவில் எங்கள் பேட்டரி ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டியது என் மருமகள் கலா. பின்சீட்டில் நான். பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார்... இறங்கித் தள்ளினேன். இந்த வயதிலா? ஆமாம், இந்த வயதில்தான்.

கலா முகத்தில் ஈயாடவில்லை. இதற்குள் இரண்டு முறை பேட்டரி மாற்றியாச்சு. இன்னொன்று போனால் வண்டியை விற்றுவிடலாம் என்று என் மகன் சொல்லியிருந்தான். விற்றால் அவள் மறுபடி மலைக்கோட்டை பக்கம் துணிக்கடைக்குத்தான் போகணும். நாளெல்லாம் நின்று, கால் வீங்கி, வேண்டாமென்று வந்தவள் அவள்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நாலு பேட்டரி. ஆயுத பூஜையன்று நாலுக்கும் நான்தான் குங்குமம் வைத்தேன். இப்போது மூன்றில்தான் பொட்டு இருக்கு. மூலையில் இருப்பதில் இல்லை — அது மாற்றிய பேட்டரி. யோசித்தால், பூஜைக்கு அப்புறம் இரண்டு தடவையும் மாற்றியது அதே மூலையில்! கெட்டது பேட்டரியா, மூலையா?

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கண் நன்றாகத் தெரியும். அந்த மூலையிலிருந்து மட்டும் இரண்டு வயர் தனியாகப் போனது.

வண்டியைச் சற்று ஆறவிட்டு, சிங்காரத்தோப்பு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் ஊர்ந்து போனோம். பாய் வயரைப் பார்த்ததும், யாரும்மா இதில் இழுத்தது என்றார்.

நான்தான். வேறு யார்? வண்டியில் ஃபேன் வேணும், பாட்டு வேணும், பெருமாள் படத்துக்கு சீரியல் லைட் வேணும் என்று கேட்டவள் நான். அதற்கெல்லாம் பன்னிரண்டு வோல்ட் கொடுத்த டப்பா மழையில் போய்விட்டது. டப்பா எதற்கு, ஒரு பேட்டரியே பன்னிரண்டுதானே என்று மெக்கானிக் நேராக இழுத்துக் கொடுத்தார். கெட்டிக்காரர் என்று காபி போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

"நாலும் சேர்ந்து வண்டியை இழுக்குது. இது ஒண்ணு மட்டும் உங்க ஃபேனு, பாட்டு எல்லாத்தையும் சேர்த்துச் சுமக்குது. சார்ஜ் போடறப்ப நாலுக்கும் ஒரே அளவுதாம்மா. அப்ப எது முதல்ல படுக்கும்?" என்றார் பாய்.

கலா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

நல்ல வேளை, அந்த பேட்டரி சாகவில்லை, வற்றித்தான் போயிருந்தது. தனியாக சார்ஜ் போட்டால் எழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு, பாய் சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். நாலு பேட்டரியிலும் சமமாக எடுத்து, மொத்தம் நாற்பத்தெட்டு வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்குமாம். எனக்கு ஒரு சந்தேகம் — மீதி முப்பத்தாறு எங்கே போகும்? சூடாகி வீணாகுமா?

"பழைய மாதிரின்னா சூடாத்தான் போகும். இது சுவிட்சும்மா. ஒரு நொடியில பல ஆயிரம் தடவை போட்டுப் போட்டு அணைக்கும். கொஞ்ச நேரம் போடும், நிறைய நேரம் அணைக்கும். அணைஞ்ச நேரத்துல உள்ள ஒரு கம்பிச்சுருள் இருக்கு, காயில்னு சொல்வோம், அது கரண்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும்."

எனக்குப் பளிச்சென்றது!

"சட்னிக்கு மிக்ஸியை அப்படித்தான பாய் ஓட்டறோம்? விட்டு விட்டுப் போடுவோம். கையை எடுத்தாலும் பிளேடு உடனே நிக்காது, சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

பாய் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "முப்பது வருஷமா இதை விக்கறேன். இப்படி எனக்கே சொல்லத் தெரியலையேம்மா."

கலா காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். விழுந்தது.

அப்புறம் வேடிக்கை காட்டினார் பாருங்க! டப்பாவுக்குள் போகும் வயரில் ஐம்பது வோல்ட் கொடுத்தார், நாற்பதுக்கு இறக்கினார். வெளியே வரும் பக்கம் மீட்டரில் பன்னிரண்டு அசையவே இல்லை. உள்ளே போவது குறையக் குறைய, போட்டு வைக்கும் நேரத்தை அதுவே கூட்டிக்கொள்ளுமாம். வெளியே வரும் இரண்டு வயரையும் வேண்டுமென்றே ஒன்றோடொன்று வைத்தார். தீப்பொறி பறக்குமே என்று நான் பின்னால் நகர்ந்தேன். டப்பா சத்தமில்லாமல் தன்னை நிறுத்திக்கொண்டது, அதிலிருந்த சின்ன லைட்டும் அணைந்தது. வயரைப் பிரித்தார் — லைட் மறுபடி எரிந்தது. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான்.

அந்த டப்பாவை வண்டியில் மாட்டி, வெள்ளிக்கிழமை மகனை உட்கார வைத்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரம் போய்த் திரும்பணும். ஃபேன், பாட்டு, சீரியல் லைட் — எல்லாம் ஓடுது. திரும்பி வரும்போது பாலத்தில் ஏறினோம். சார்ஜில் இன்னும் மூன்று கோடு பாக்கி! நடுப்பாலத்தில், எதிரே ஆளே இல்லாத இடத்தில், கலா ஒரு தடவை ஹாரன் அடித்தாள்.

விற்கிற பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டான் மகன்.

அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு கலா நேராக அடுப்படிக்குப் போனாள். வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், மகன் மூவரும் டிவி முன்னால். எனக்கு அந்த மூலை பேட்டரி ஞாபகம் வந்தது. எந்த வீட்டிலும் யாராவது ஒருவரிடமிருந்துதான் எல்லா வயரையும் இழுத்து வைத்திருக்கிறோம், இல்லையா? அவர் படுக்கிற அன்றைக்குத்தானே தெரிகிறது, மொத்த வண்டியும் நின்றுபோவது!

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சட்னி அரைப்பது என் மகன். விட்டு விட்டு நன்றாகத்தான் அரைக்கிறான்... உப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை.